இடது கைக்கு ஒரு வாசல்

பகாவில் முப்பத்து நாலு டிகிரி.
கூரைத் தகரம் சூட்டில் முறிகிற மத்தியானத்தில்
மடியில் கம்பளி நூலைப் போட்டுக்கொண்டு
கொக்கி ஊசியால் குத்தி இழுக்கிறேன்.
"இந்த வெயில்ல யாருக்குடி சால்வ?"
வேலியில் துணி காயப்போட வரும் சாந்தகுமாரி
தினம் ஒரு தரம் கேட்பாள்.
கேட்டுவிட்டு, நிறம் பார்க்க உள்ளே வந்துவிடுவாள்.

முதலில் எனக்கும் தெரியவில்லைதான்.
பாசார் மாலாமில் மேசை போட்டு
மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாய்
நாலு போர்வை, ஆறு குழந்தைச் சட்டை.
பக்கத்துக் கடை அப்பம் பாலிக் வாசனையை மட்டும் ஏற்றிக்கொண்டு
நாலும் ஆறும் அப்படியே வீடு திரும்பின.

மூன்றாவது வாரம் பச்சையப்பன் அண்ணன் வந்து நின்றார்.
செம்பனை ஆலையில் எடைமேடைக்காரர்.
லாரி ஏறும்போதே குலையின் கனத்தைச்
சொல்லிவிடுகிற ஆள்.
ஒரு போர்வையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து
"முந்நூறு கிராம் இருக்குமா?" என்றார்.
முந்நூற்றுப் பத்து.

"டயாலிசிஸ் சென்டர்ல ஏர்கோன் எலும்பு வரைக்கும் போகுதும்மா.
செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம்.
ரத்தம் வெளிய போயிட்டு வர்றப்போ
குளிரையும் கூட்டிட்டு வருது."
பிறகு சட்டையைச் சுருட்டி
இடது கையில் புடைத்திருந்த நரம்பைக் காட்டினார்.
"இத மட்டும் மூடக்கூடாது."
விரல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.
தோலுக்கு அடியில் ஓர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு உடுப்புக்கு எங்கேயும் கணக்கில்லை.
கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கினேன்.
வலது கை முழுதாய்.
இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பிளவு,
ஏழு பொத்தான்.
திறந்தால் தாதிக்கு வழி, மூடினால் அவருக்குச் சூடு.
இரண்டு தரம் பிரித்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்து மூன்று என்று
கண்ணி எண்ணும்போது பார்த்துத்தான்
ரொட்டிக்காரன் ஹோன் அடிப்பான்.
நிறம் அவர் சொன்னது: பழுத்த குலை நிறம்.
சியூ லான் கடையில் அந்தச் சிவப்பில்
ஐந்து உருண்டைதான் இருந்தன.
ஐந்தும் சரியாய்ப் போயிற்று.

அதற்கப்புறம் மேசை தேவைப்படவில்லை.
தாதி நோராய்னி போனில் அளவு அனுப்புவாள்.
ஒருவருக்கு வலது கையில் வாசல்,
ஒருவருக்கு நெகிரி பந்துக்குழுவின் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும்,
கால் எடுத்துவிட்ட சின்னையாவுக்கு மடி அளவில் ஒன்று.
சனிக்கிழமை அந்தக் கதவைத் திறந்தால்
பன்னிரண்டு நாற்காலியும்
பலகாரக் கடைத் தட்டுகள் மாதிரி இருக்கும்.
அதில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும்
பலகாரம் ஆகாது என்பது வேறு.

நவம்பர் மழையில் ஒரு புதன்கிழமை,
தனபாக்கியம் அக்கா வந்தார்.
பையில் அந்தச் சிவப்பு, துவைத்து மடித்தபடி.
எட்டாம் துக்கத்துக்குப் போய் வந்தவள்தான் நான்.
"பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டேன்,
வேறு எதைக் கேட்பது.
"ஆச்சு.
ஜோகூருக்கு மகன் வீட்டுக்குப் போறேன், ராத்திரி பஸ்சு.
பஸ்சுல குளிரும்.
இந்தக் கைய மட்டும் அடச்சுக் குடுப்பியா?"

அந்தச் சிவப்பு இப்போது வருவதில்லை.
சியூ லான் காட்டியதெல்லாம் பக்கத்துச் சிவப்பு.
அதிலேயே ஒன்றை எடுத்து
விளிம்போடு விளிம்பு சேர்த்தேன்.
உற்றுப் பார்த்தால் தெரியும்.
பொத்தானை வெட்டக் கத்தரி எடுத்தபோது
"அது இருக்கட்டும்" என்றார்.

போட்டுப் பார்த்தார். தோள் பெரிது.
வலது கையால் ஏழு பொத்தானையும்
மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டு வந்தார்,
ஐந்தாவதில் கொஞ்சம் நின்று.

"எவ்வளவு?"
வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.
அவர் பர்சைத் திறந்த விதத்தைப் பார்த்து,
"பன்னிரண்டு வெள்ளி" என்றேன்.
எண்ணிக் கொடுத்தார்.
நானும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.